பெரிய மரங்களை அளப்பதைப் பொழுதுபோக்காகச் செய்ய முடியுமா? எதை, எப்படி அளப்பது?

தாராளமாகச் செய்யலாம். ஒரு டேப், ஒரு நோட்டு, டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் இருந்தால் போதும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் உயரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். நான் சுற்றளவில் தொடங்கச் சொல்வேன். அது கைக்கு எட்டுகிற அளவு, நாளைக்கு வேறொருவர் போய்ச் சரிபார்க்கவும் முடியும்.

அடிமரத்தை நெஞ்சளவு உயரத்தில் சுற்றி அளப்பதுதான் வழக்கம். அந்த நெஞ்சளவும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஐரோப்பாவில் பெரும்பாலும் 1.3 மீட்டர், அமெரிக்காவிலும் இந்திய வனத்துறையிலும் நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர், பிரிட்டனில் பெரிய மரங்களுக்குப் பதிவேடு வைத்திருப்பவர்கள் 1.5 மீட்டரில் அளக்கிறார்கள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அடி பருத்த மரத்தில் ஒரு சாண் ஏறி இறங்கினாலே அளவு நிறைய மாறிவிடும். டேப் தண்டுக்குக் குறுக்காக, முறுக்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்; கொடி படர்ந்திருந்தால் அதற்கு அடியில் டேப்பை நுழையுங்கள். அந்த உயரத்தில் முண்டு புடைத்திருந்தாலோ அங்கேயே கவை பிரிந்தாலோ, அதற்குக் கீழே தண்டு எங்கே மிகவும் ஒடுங்கியிருக்கிறதோ அங்கே அளந்து, அந்த உயரத்தைக் குறிக்கலாம்.

சுற்றளவுக்கும் அடங்காத மரங்கள் உண்டு. மெக்சிகோவில் தூலே என்ற ஊரில் இருக்கும் சைப்ரஸ் மரத்தைச் சுற்றி டேப் பிடித்தால் சுமார் 42 மீட்டர் வரும். அதை அப்படியே வட்டமாக எடுத்துக்கொண்டால் விட்டம் 13 மீட்டரைத் தாண்டும். ஆனால் அதன் தண்டு முழுக்க மடிப்பு மடிப்பாக இருப்பதால், நிரவிக் கணக்கிட்டால் 9.4 மீட்டர் அளவில்தான் நிற்கிறது. பல மரங்கள் ஒட்டி வளர்ந்ததோ என்றுகூட நெடுநாள் சந்தேகம் இருந்தது. ஒரே மரம்தான் என்று மரபணுச் சோதனையில் தெரிந்தது. ஆலமரம் இன்னும் மோசம். ஹவுராவில் தாவரவியல் பூங்காவில் நிற்கும் பேராலமரத்தின் மூலத் தண்டை 1925-லேயே நோயால் அகற்றிவிட்டார்கள். விழுதுகள்தான் மரத்தைத் தாங்குகின்றன. அங்கே டேப்பை எதைச் சுற்றிப் பிடிப்பது? பரப்பளவைத்தான் சொல்ல வேண்டும்.

இனி உயரம். பலரும் செய்வது இதுதான்: மரத்தடியிலிருந்து ஒரு தூரம் தள்ளி நின்று, நுனிக்கு உள்ள கோணத்தைப் பார்த்து, தூரத்தை அந்தக் கோணத்தின் டேஞ்சென்ட்டால் பெருக்கி, கண்ணின் உயரத்தைக் கூட்டுவது. நுனி மிகச் சரியாக அடிக்கு நேர் மேலே இருந்தால் மட்டுமே இது சரி. 30 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள், நுனி உங்கள் பக்கம் 5 மீட்டர் சாய்ந்திருக்கிறது, கோணம் 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கண்ணின் உயரத்தைக் கூட்டுவதற்கு முன்பே கணக்கு 30 மீட்டர் என்று சொல்லும். நுனி உண்மையில் உங்கள் கண் மட்டத்துக்கு மேல் 25 மீட்டரில்தான் இருக்கிறது. படர்ந்த தலையுள்ள மரங்களில் இன்னொரு தொல்லை: நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை, உண்மையான உச்சியை மறைத்துத் தானே உச்சி போல நிற்கும். இணையத்தில் உலவும் வியப்பூட்டும் உயரங்கள் பலவற்றை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

லேசர் தூரமானி கிடைத்தால் நுனிக்கே நேராகத் தூரத்தை எடுத்து, கோணத்தின் சைனால் பெருக்குங்கள். மேலே சொன்ன மரத்துக்கு லேசர் 35.4 மீட்டர் காட்டும். சைன் 45 ஏறக்குறைய 0.707, பெருக்கினால் அதே 25. மரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கவலையில்லை. அடிப்பகுதி கண்ணுக்குக் கீழே இருந்தால் அதையும் அதே முறையில் எடுத்துக் கூட்டிவிடலாம். இதைவிட உறுதியானது மேலே ஏறி டேப்பைத் தொங்கவிடுவதுதான், ஆனால் அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. உலகின் மிக உயரமான மரமான ஹைபீரியனை 2006-ல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தவர்கள் கிறிஸ் அட்கின்ஸ், மைக்கேல் டெய்லர் என்ற இரண்டு ஆர்வலர்கள். பிறகு ஏறி டேப் இறக்கிப் பார்த்ததில் 115 மீட்டருக்கு மேல் வந்தது.

தலைப்பரப்புக்கு, அதாவது கிளைகள் விரிந்திருக்கும் அகலத்துக்கு, கிளை நுனிகளுக்கு நேர் கீழே தரையில் அடையாளம் வைத்து, அதிக அகலத்தையும் அதற்குக் குறுக்கான அகலத்தையும் அளந்து சராசரி எடுத்தால் போதும். அமெரிக்காவில் 1940 முதல் நடக்கும் பெருமரப் பட்டியலில் அங்குலத்தில் சுற்றளவு, அடியில் உயரம், அடியில் தலைப்பரப்பின் கால் பங்கு மூன்றையும் கூட்டி மதிப்பெண் போடுகிறார்கள். தடித்த மரத்துக்குச் சாதகமான கணக்கு என்பது என் எண்ணம். இருந்தாலும் ஒரே இனத்து மரங்களை ஒப்பிட வசதியானது.

சுற்றளவை வைத்து வயது சொல்லும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். தண்ணீரும் வெளிச்சமும் தாராளமாகக் கிடைத்த இள மரம், பாறையிடுக்கில் நிற்கும் கிழ மரத்தைவிடப் பருமனாக இருக்கும்.

இன்னொன்று. அரிய மரம் அகப்பட்டால் இருப்பிடத்தை ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். ஹைபீரியனைத் தேடிப் போனவர்கள் மிதித்து மிதித்து அடியில் வளர்ந்த பெரணிகளை அழித்ததால், 2022-ல் அந்தப் பகுதிக்குப் போகவே பூங்கா நிர்வாகம் தடை போட்டது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. படம் போடுவதாக இருந்தால் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டுப் போடுங்கள்.