சாயங்கால ட்யூட்டிக்கு முன்னால் ஒரு கோடைப் பகல்: கேள்வி பதில்

சென்னையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எனக்குப் பெரும்பாலும் சாயங்காலம் அல்லது ராத்திரி ட்யூட்டிதான். பகல் முழுக்கக் கையில் இருந்தும் இந்தக் கத்திரியில் அதை அனுபவிக்கத் தெரியவில்லை என்று பலர் எழுதியிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, 6 மணிக்கு எனக்கு ஷிஃப்ட். எழுந்ததிலிருந்தே "சாயங்காலம் போகணுமே" என்ற நினைப்புதான். லீவு மாதிரியே இல்லை. (கால் சென்டர், பெருங்குடி)

ட்யூட்டியைவிட அதற்காகக் காத்துக்கிடப்பதுதான் பகலைத் தின்கிறது, தம்பி. காலையிலேயே சட்டையைத் தேய்த்து மாட்டிவிடுங்கள். ஐடி கார்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் பைக்குள் போய்விடட்டும். குளிக்கப் போக வேண்டிய நேரத்துக்கு, 4:30 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு அலாரம் வையுங்கள். அதுவரை மணி பார்க்கிற வேலை அலாரத்துடையது.

வெளியே போக எது நல்ல நேரம்?

விடியற்காலை. மே மாதம் சென்னையில் சுமார் 5:45க்குச் சூரியன் கடலிலிருந்து எழும். பெசன்ட் நகர் மணலில் அப்போது செருப்பில்லாமல் நடக்கலாம். வெயில் ஏற ஏற மணலில் கால் வைக்க முடியாது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நம் கடற்கரையில் இழுப்பு பொல்லாதது. 10 மணிக்கெல்லாம் வீட்டு நிழலுக்கு வந்துவிட வேண்டும். மத்தியானம் தரை நன்றாகச் சூடேறிய பிறகு கடல்காற்று உள்ளே வரும். மேற்குக் காற்று பலமாக அடிக்கிற நாளில் அது தாமதமாகும், அன்றைக்குத்தான் புழுக்கிவிடும். காற்று வந்ததும் கிழக்குப் பக்க ஜன்னலைத் திறந்துவிட்டு அதன் கீழே படுத்துப் பாருங்கள்.

மாமல்லபுரம் போய் வந்துவிட்டு 7 மணி ட்யூட்டிக்குப் போக முடியுமா?

தாராளமாக. நகரத்திலிருந்து 55 கிலோமீட்டர் சுமார் இருக்கும். 5 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். முதலில் அர்ச்சுனன் தபசுக்குப் போங்கள். அந்தப் பாறை கிழக்கே பார்த்து நிற்கிறது, காலை வெயில் நேராக அதன்மேல் விழும். எல்லோரும் யானைகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். யானைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனை கையைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது, அதைச் சுற்றி எலிகள். குழந்தைகளைக் கூட்டிப் போனால் அவர்களையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கடற்கரைக் கோயில். வெயில் ஏறினால் கல் காலைச் சுடும், அதனால் 9 மணிக்குமேல் அங்கே நிற்க வேண்டாம். திரும்பி வந்து சாப்பிட்டுத் தூங்கவும் நேரம் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும். புதுச்சேரியையும் சேர்த்துக்கொண்டால் ட்யூட்டியில் கண் சொருகும்.

என்ன சாப்பிடலாம்?

காலையில் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். இந்த மாதத்தில் எனக்கு இதைவிட மேலானது இல்லை. பதநீர் கிடைத்தால் காலையிலேயே குடித்துவிடுங்கள். புளிக்காமல் இருக்கத்தான் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள், அப்படியும் வெயில் ஏறினால் சுவை மாறும். நுங்கு வாங்கும்போது இளசாகக் கேளுங்கள். கண்ணில் கட்டைவிரலை விட்டு நெம்பினால் வழுக்கிக்கொண்டு வரும், உள்ளே இருக்கும் நீர் முகத்தில் தெறிக்கும். மேல்தோல் கொஞ்சம் துவர்க்கும். உரித்த தோலை வேர்க்குருவில் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம், சில்லென்று இருக்கும். மத்தியானம் பிரியாணி வேண்டாம். மாம்பழம் ஒன்றோடு நிறுத்தினால் 4 மணிக்கு உடம்பு லேசாக எழுந்திருக்கும்.

மீன் குழம்பு இல்லாமல் லீவா, அக்கா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் முட்டையிடுகிற காலம் அது. ஃபைபர் படகில் கரையோரம் பிடித்து வருவது கிடைக்கும், விலைதான் கூட. விடிகாலையில் போனால் கொஞ்சமாவது பார்த்து வாங்கலாம்.

மத்தியானத் தூக்கம் போட்டால் எழுந்ததும் தலை கனக்கிறது.

ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுவதால் வருவது அது. 20 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் எழுந்தால்தான் தொல்லை. எழுந்த பிறகு கிளம்ப ஒரு மணி நேரமாவது இருக்கட்டும்.

காபி?

குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகச் சுமார் 5 மணி நேரம் ஆகும். ராத்திரி 2 மணிக்கு ட்யூட்டி முடிகிறவர் 8 மணிக்குமேல் காபி குடிக்காமல் இருந்தால், வீட்டுக்கு வந்ததும் தூக்கம் வரும்.

பிள்ளைகளுக்கும் லீவு. வெயிலில் எங்கே கூட்டிப் போவது?

எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது. காலையில் திறந்ததும் போய், வெண்கலச் சிலைகளை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

நேற்று ராத்திரியும் ட்யூட்டி. காலை 8 மணிக்கு முடியும். அப்படியே பைக்கில் பீச்சுக்குப் போய்விடலாமா? (செக்யூரிட்டி, அம்பத்தூர்)

வேண்டாம், அண்ணே. தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுவதும் குடித்துவிட்டு ஓட்டுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். நேரே வீட்டுக்கு வாருங்கள். ஜன்னலில் கனமான போர்வையைக் கட்டி இருட்டாக்கி, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு 3 மணி வரை தூங்குங்கள். உங்களுக்கான நேரம் அதற்கப்புறம். மொட்டை மாடியில் நிழல் விழுந்த பக்கமாக நாற்காலி போட்டு, ஒரு டம்ளர் நன்னாரி சர்பத்தோடு வீட்டில் இருப்பவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருங்கள். பீச்சை அடுத்த வார ஆஃபுக்கு வைத்துக்கொள்ளலாம்.