ஹால், பாட்டு, பெட்டி, அப்புறம்தான் டிரைவர்: ஃபுல்ரேஞ்ச் கேள்வி-பதில்

ஒரே டிரைவரிலிருந்து முழுப் பாட்டும் வருகிற ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கரை வீட்டிலேயே கட்டுவது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எந்த டிரைவர், அதாவது பெட்டியில் மாட்டும் கோனும் காந்தமும் சேர்ந்த பாகம், வாங்கலாம்? நான் திரும்பக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான். ஹால் எவ்வளவு பெரிது, என்ன பாட்டு கேட்பீர்கள், பெட்டி எங்கே நிற்கும்? இதெல்லாம் தெரியாமல் டிரைவர் பெயரைச் சொல்வது அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

வேளச்சேரியிலிருந்து: ஹால் 10க்கு 14 அடி. இளையராஜா பாட்டுதான் அதிகம். நாலு இஞ்சா, எட்டு இஞ்சா?

நாலு. மிஞ்சினால் ஐந்து. எட்டு இஞ்ச் கோனின், அதாவது முன்னும் பின்னும் ஆடும் கூம்பின், பரப்பு நாலு இஞ்சைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு, அதே தூரம் ஆடினால் தள்ளும் காற்றும் நான்கு மடங்கு, ஆகவே பேஸ் விஷயத்தில் பெரியதுதான் கெட்டி, அதில் சந்தேகமில்லை. சிக்கல் மேலே இருக்கிறது. ஒலியின் அலைநீளம் கோனின் விட்டத்துக்குச் சமமாகும் இடத்திலிருந்து சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி முன்னால் குவிய ஆரம்பிக்கும். எட்டு இஞ்சில் நிஜமாக ஆடும் பகுதி சுமார் 17 செ.மீ., அதனால் 2000 ஹெர்ட்ஸிலேயே குவிந்துவிடும். நாலு இஞ்சில் 8 செ.மீ.தான், 4300 வரை தாங்கும். பெரிய கோனோடு சின்ன ஹாலில் உட்கார்ந்தால் சோபாவின் நடுவில் இருப்பவருக்குச் சிம்பல் கணீரென்று கேட்கும், ஓரத்தில் இருப்பவருக்குக் கம்பளி போர்த்திய மாதிரி கேட்கும்.

ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் என்னாகும் என்று கேட்பீர்கள். அதன் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், நாலு இஞ்ச் அதைத் தொடாது. ஆனால் அந்தக் கம்பியோடு கூடவே 82, 123 என்று மடங்குகளும் ஒலிக்கிறதே, அவை வந்துவிட்டால் அடியில் இருக்கும் ஸ்வரத்தைக் காதே நிரப்பிக்கொள்ளும். மெட்டு தெளிவாகத் தெரியும், வயிற்றில் அதிர்வுதான் இருக்காது. அதுவும் வேண்டுமென்றால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு சப்வூஃபர் வையுங்கள், கீழ்வீட்டுக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

மயிலாப்பூரிலிருந்து: கச்சேரி மட்டும்தான் கேட்பேன். ஒற்றை டிரைவர் போதுமா?

தாராளமாக. ஒரு கட்டை சுருதியில் பாடுபவரின் ஆதார ஸட்ஜம் சுமார் 130 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 98. ஆக, 80 வரை ஒழுங்காக இறங்கும் பெட்டி இருந்தால் வாய்ப்பாட்டு முழுசாக வந்துவிடும், கொஞ்சம் குறைவது மிருதங்கத்தின் தொப்பியில் வரும் அந்தக் கும்கிதான். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சாதாரண டூ-வே பெட்டிகள் பலவற்றில் 2000, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் கீழ் ஒலிக்கான வூஃபரும் மேல் ஒலிக்கான ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்கின்றன, காது ரொம்பக் கூர்மையாக இருக்கும் இடமும் அதுதான். குரலின் ஒரு பாதி இங்கேயும் இன்னொரு பாதி அங்கேயும் என்று பிரியாமல் ஒரே கோனிலிருந்து வரும்போது கமகம் கேட்கிற சுகமே தனி. மேல்கோடியில் கொஞ்சம் மினுமினுப்பு குறையும். கச்சேரிக்கு அது பெரிய இழப்பில்லை என்பது என் கட்சி.

தாம்பரத்திலிருந்து: ஃபோஸ்டெக்ஸ் எஃப்இ206 பழைய ஜோடி கிடைக்கிறது. 15 லிட்டர் மூடிய பெட்டி போடலாமா?

வேண்டாம். டிரைவர் அருமையானது, பெட்டிதான் பொருந்தாது. டிரைவரோடு வரும் டேட்டா ஷீட்டில் க்யூடிஎஸ் என்று ஓர் எண் இருக்கும், காந்தமும் சஸ்பென்ஷனும் (கோனைத் தாங்கும் மடிப்புகள்) சேர்ந்து கோனை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பதன் கணக்கு அது. எண் சின்னதாக இருந்தால் பிடி இறுக்கம். எஃப்இ206ல் அது சுமார் 0.2, அவ்வளவு பலமான காந்தம். மூடிய பெட்டியில் போட்டால் பேஸ் சீக்கிரமே சரிந்துவிடும். பின்பக்கம் மடித்து மடித்துக் கட்டும் ஹார்ன் பெட்டிக்கு ஏற்ற டிரைவர் இது, அந்தப் பெட்டியோ பீரோ மாதிரி இடத்தை அடைக்கும். மூடிய பெட்டிக்கு க்யூடிஎஸ் 0.5 பக்கம் பாருங்கள். வெறும் பலகையில் மாட்டும் ஓபன் பேஃபிளுக்கு 0.7க்கு மேல்.

கணக்கும் சுலபம்தான். ஒரு நாலு இஞ்சுக்கு எஃப்எஸ் (பெட்டியில்லாமல் கோன் இயல்பாக அதிரும் இடம்) 80 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.5, விஏஎஸ் (சஸ்பென்ஷன் அளவுக்கே விறைப்பு தரும் காற்றின் அளவு) 6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டிக்குள் போன பிறகு பெட்டியோடு சேர்ந்த மொத்த க்யூ 0.707 வர வேண்டும். 0.707ஐ 0.5ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 2, அதில் ஒன்றைக் கழித்தால் 1, விஏஎஸ்ஸை அதால் வகுத்தால் பெட்டி 6 லிட்டர். அந்தப் பெட்டியில் டிரைவர் 113 ஹெர்ட்ஸ் வரைதான் சமமாக இறங்கும், அதற்குக் கீழே மெதுவாகச் சரியும். இந்த எண்களையெல்லாம் 1961ல் தொடங்கி வைத்தவர் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல். 70களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதினார். இந்த எண்களே போடாமல் '200 வாட்' என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்ட டிரைவரைத் தொடாதீர்கள்.

பெரம்பூரிலிருந்து: கார் ஸ்பீக்கர் சும்மா கிடக்கிறது, அதையே போடலாமா?

பழகிப் பார்க்கப் போடலாம். ஆனால் நடுவில் குட்டி ட்வீட்டர் நிற்கிற கோஆக்சியல் ஃபுல்ரேஞ்ச் ஆகாது. பெரும்பாலும் 4 ஓம் இருக்கும், ஆம்ப் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூரிலிருந்து: ரிச்சி தெருவில் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

மல்டிமீட்டரும் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியும் பையில் இருக்கட்டும். 8 ஓம் டிரைவர் மீட்டரில் 6 முதல் 7 ஓம் வரை காட்டும். கோனை நாலு விரலால் சமமாக மெல்ல அழுத்தினால் சரசரப்பு கேட்கக் கூடாது, கேட்டால் கோனின் பின்னால் இருக்கும் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) உரசுகிறது. பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்புப் புள்ளி வைத்த முனையில் தொட்டால் கோன் வெளியே துள்ள வேண்டும்.

இந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாமல் நான் ஒருமுறை ஒரு கடையில் ஜோடி வாங்கி வந்து பூட்டிவிட்டேன். பேஸே இல்லை, பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலைகிறார். இரண்டு நாள் ஆம்பைத் திட்டினேன், ஒயரை மாற்றினேன். கடைசியில் பேட்டரியை வைத்தால் ஒரு கோன் வெளியே வருகிறது, இன்னொன்று உள்ளே போகிறது. ஒன்றில் சிவப்புப் புள்ளியைத் தப்பான முனையில் வைத்திருக்கிறார்கள்!

அடையாறிலிருந்து: பெட்டிக்கு எம்டிஎஃப்பா (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை), பிளைவுட்டா?

நம் ஊர் ஈரக்காற்றுக்கு 18 மி.மீ. பிளைவுட். எம்டிஎஃப் போட்டே தீருவேன் என்றால் வெட்டிய ஓரங்களையெல்லாம் சீல் செய்யுங்கள், இல்லையென்றால் உப்பிவிடும். டிரைவரிலும் கோனின் ஓரத்தைச் சுற்றி வரும் வளையம் (சரவுண்ட்) ஃபோமில் வேண்டாம், சில வருஷத்தில் விரல் பட்டாலே பொடியாக உதிரும். ரப்பரோ துணியோ நல்லது.

போரூரிலிருந்து: கட்டி முடித்தேன். குரல் காதில் குத்துகிறது, ஒல்லியாக இருக்கிறது. டிரைவரை மாற்றவா?

மாற்ற வேண்டாம். 115ஐப் பெட்டியின் முன்பக்க அகலத்தால், மீட்டரில், வகுத்துப் பாருங்கள். 20 செ.மீ. அகலம் என்றால் 575 ஹெர்ட்ஸ். அந்த இடத்துக்கு மேலே உள்ள சத்தத்தைப் பலகை முன்னால் தள்ளுகிறது, கீழே உள்ளது பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடுகிறது, அதனால்தான் ஒல்லி. முதலில் காசு செலவில்லாமல் பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளிக் கேளுங்கள். அப்படியும் குத்தினால் 1.3 மில்லிஹென்றி காயிலையும் 4.7 ஓம் ரெசிஸ்டரையும் பக்கவாட்டில் இணைத்து, அந்த ஜோடியை டிரைவரின் பிளஸ் ஒயரில் தொடராகப் போடுங்கள். 8 ஓம் டிரைவரில் அந்த இடத்துக்கு மேலே உள்ள சத்தம் ஏறத்தாழ 4 டெசிபல் இறங்கும். ரெசிஸ்டர் 10 வாட்டாக இருக்கட்டும்.