பழைய கம்பெனி முடங்கிப்போனது. புதிய கம்பெனியில் டைரக்டராகச் சேரலாமா?

கேள்வி: மச்சான் திருப்பூரில் பனியன் தயாரிக்க பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்குகிறார். என்னையும் டைரக்டராகச் சேரச் சொல்கிறார். நான் பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன், பேங்க் கடனும் நிலுவையில் இருக்கிறது. முன்பு நண்பர் கம்பெனியில் பெயருக்கு டைரக்டராக இருந்தேன், அது முடங்கிவிட்டது. இப்போது நான் சேரலாமா?

பதில்: படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். டைரக்டராவதற்கு 2013 கம்பெனிகள் சட்டம் எந்தப் படிப்பையும் கேட்பதில்லை. 18 வயது நிறைந்தவராக, டைரக்டர் அடையாள எண் பெற்றவராக இருந்தால் போதும். கடன் தவணை நின்றுபோனதும் தனியாக ஒரு தடையல்ல. கடன் விஷயத்தில், திவால் ஆனவராக அறிவிக்கப்பட்டு அதிலிருந்து விடுபடாதவர், திவால் மனு போட்டு அது நிலுவையில் இருப்பவர் ஆகியோர்தான் சேர முடியாது.

உங்கள் கேள்வியில் என்னை யோசிக்க வைப்பது அந்த நண்பர் கம்பெனிதான். ஒரு கம்பெனி தொடர்ந்து 3 நிதியாண்டுகள் நிதிநிலை அறிக்கையையோ ஆண்டு ரிட்டர்னையோ கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யாவிட்டால், பிரிவு 164(2)-ன்படி அதன் டைரக்டர்கள் 5 வருடத்துக்கு வேறெந்தக் கம்பெனியிலும் டைரக்டராக நியமிக்கப்பட முடியாது. “நான் பெயருக்குத்தான் இருந்தேன்” என்பது இங்கே எடுபடாது. 2017-ல் மத்திய அரசு இப்படி 3 லட்சத்துக்கும் அதிகமான டைரக்டர்களைத் தகுதி நீக்கம் செய்தது. அப்போது என்னிடம் வந்தவர்களில் பலர், உறவுக்காகவும் நட்புக்காகவும் கையெழுத்துப் போட்டவர்கள். அவர்களைப் பார்க்க மிகவும் வருத்தமாக இருந்தது.

சரி, இப்போது என்ன செய்வது? கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் உங்கள் டைரக்டர் எண்ணின் நிலையைப் பாருங்கள். அப்புறம், பழைய கம்பெனி கடைசியாக எந்த வருடத்துக்கு நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்தது, இன்னும் உங்கள் பெயர் அதில் டைரக்டராக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மூன்றாவது வருடத் தவறு நேர்வதற்கு முன்பே நீங்கள் எழுத்தில் ராஜினாமா கொடுத்திருந்தால் உங்கள் நிலை பலமானது. கம்பெனி ராஜினாமாவைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும், டிஐஆர்-11 படிவத்தில் நீங்களே பதிவாளருக்குத் தெரிவிக்கலாம். நண்பரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்திருந்தால் அது போதாது.

மச்சான் கம்பெனியில் சேரும்போது, தகுதியிழப்பு ஏதும் இல்லை என்று டிஐஆர்-8 படிவத்தில் நீங்களே எழுதித் தர வேண்டியிருக்கும். மேலே சொன்னதையெல்லாம் பார்த்து முடிக்கும் வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா கடிதத்தின் நகலோ, அதை அனுப்பிய தபால் ரசீதோ வீட்டில் இருந்தால் முதலில் அதைத் தேடி எடுங்கள்.