இது எதன் சாவி, எதன் ஸ்க்ரூ? - வாசகர் கேள்வி பதில்

தட்டுமுட்டுச் சாமான்கள் கிடக்கும் டிராயர் இல்லாத வீடு இல்லை. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சில, இந்த இதழில்.

கேள்வி: விரல் நீளத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் துண்டு. எதிலிருந்து விழுந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வீசிவிடலாமா?

முதலில் விளிம்பைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக, வெளிறிப்போய் இருந்தால் உடைந்து விழுந்த துண்டு. சுற்றிலும் வழவழப்பாக இருந்தால் அது முழுப் பாகம்: மூடியாகவோ, கிளிப்பாகவோ, கருவியின் கால் குமிழாகவோ இருக்கும். பிறகு உட்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அம்புக்குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ், பிபி என்று எழுதியிருந்தால் அது பிளாஸ்டிக்கின் வகை மட்டுமே, அதை வைத்துத் தேடிப் பயனில்லை. நீளமான எண் இருந்தால் அதைத் தேடிப் பாருங்கள், பாக எண்ணாக இருக்க வாய்ப்பு உண்டு. சிலவற்றில் கடிகாரம் போல 1 முதல் 12 வரை எண்கள் சூழ்ந்த சிறு வட்டமும் அதன் நடுவில் ஓர் அம்பும் இருக்கும். அம்பு காட்டுவது வார்த்த மாதம், நடுவில் உள்ள இரண்டு இலக்கம் வருடம். அந்த வருடத்திலோ அதற்குப் பிறகோ வாங்கிய கருவிகளை மட்டும் சோதித்தால் போதும், தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

கேள்வி: பழைய பேட்டரி, ஆணி, நாணயம் எல்லாம் ஒன்றாகவே கிடக்கின்றன. ஆபத்து உண்டா? எந்த பேட்டரியில் சக்தி மிச்சமிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆபத்து உண்டு. மற்ற வேலைகளைத் தள்ளிப்போட்டாலும் இதை இன்றே செய்துவிடுங்கள். செவ்வகமான 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைகளும் ஒரே பக்கத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு சாவியோ குண்டூசியோ குறுக்கே விழுந்தாலே ஷார்ட் ஆகிச் சூடேறும். அருகில் காகிதம் இருந்தால் தீப்பிடிக்கலாம். இரண்டு முனைகளின் மேலும் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தனி டப்பாவில் வையுங்கள்.

பட்டன் பேட்டரி இதைவிட மோசம். அதில் ஒரு வகையான சிஆர்2032 என்பது 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன். குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு இதுதான். சிக்கினால் அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகும். 2 மணி நேரத்திலேயே கடுமையான புண் வரலாம். 'தீர்ந்துபோன' பேட்டரியும் இதைச் செய்யும். விழுங்கிய சந்தேகம் வந்தாலே, அறிகுறி தெரியாவிட்டாலும், வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பழைய பட்டன் பேட்டரிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவும் கூடாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் டேப் ஒட்டிக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இனி, பென்சில் பேட்டரி போன்ற 1.5 வோல்ட் பேட்டரிகளின் சோதனைக்கு வருவோம். மேசைமேல் செங்குத்தாகப் போட்டுத் துள்ளுகிறதா என்று பார்க்கும் வழக்கம் பாதி உண்மைதான். அல்கலைன் பேட்டரி ஏறக்குறைய பாதி தீர்ந்ததுமே துள்ளத் தொடங்கிவிடும். துள்ளினால் புதிதல்ல என்று அர்த்தம், செத்துவிட்டது என்று அர்த்தமல்ல. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரே நம்பகம். 1.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் புதியது, 1.3 காட்டினால் சுவர்க்கடிகாரத்துக்கு ஆகும், 1.1க்குக் கீழே போனால் கழித்துவிடலாம். சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு 1.2 என்பதே இயல்பு.

பேட்டரிமேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது காரக் கசிவு. கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் தடவுங்கள். நுரைத்து அடங்கியதும் ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். புதிய பேட்டரியோடு பழையதைச் சேர்த்துப் போடுவது இப்படிக் கசிவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: ஏழெட்டு அடாப்டர்கள் சேர்ந்துவிட்டன. முனை நுழைந்தால் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். முனை நுழைவது பொருத்தத்துக்கு அடையாளமல்ல. அடாப்டரின் முதுகில் 'அவுட்புட்' என்ற வரியைப் படியுங்கள். வோல்ட் கருவியில் உள்ளதேயாக இருக்க வேண்டும். 9 வோல்ட் கருவிக்கு 12 கொடுத்தால் புகைந்துபோகலாம். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 1 ஆம்பியர் கேட்கும் கருவி, 2 ஆம்பியர் அடாப்டரிலிருந்தும் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். குறைவாக இருந்தால் அடாப்டர் சூடேறும், கருவி அணைந்து அணைந்து எரியும்.

நேர்கோட்டின் கீழே விட்டுவிட்ட கோடு இருந்தால் டிசி, அலைக்கோடு இருந்தால் ஏசி. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். பலரும் கவனிக்காமல் விடுவது துருவக் குறி. வட்டத்தின் நடுப்புள்ளியோடு கூட்டல் குறி இணைந்திருந்தால் முனையின் நடுவே பாசிட்டிவ். கருவியிலும் அதே படம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் முனை லொடலொடவென ஆடினால், துளை 2.5 மி.மீ., கருவியின் ஊசி 2.1 மி.மீ. என்று ஊகிக்கலாம். வெளியளவு இரண்டுக்கும் 5.5 என்பதால் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். ஜோடி தெரிந்த நிமிடமே கருவியின் பெயரை அடாப்டரில் எழுதி ஒட்டுங்கள். 'அப்புறம் எழுதலாம்' என்று விட்டவைதான் இன்று உங்கள் டிராயரில் கிடக்கின்றன.

கேள்வி: மேசை, அலமாரியோடு வந்த வளைந்த ஆலன் கீ (அறுகோணக் குழி போல்ட்டைத் திருகும் கம்பி) பத்து இருக்கிறது. எல்லாம் தேவையா?

ஒவ்வோர் அளவிலும் ஒன்று போதும். எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டின் தலை உருளையாக இருந்தால் 5 மி.மீ. கீ, தட்டையான குமிழ்த் தலை என்றால் 4 மி.மீ. அங்குலக் கணக்கில் செய்த 3/16 கீ 4.76 மி.மீ. இருக்கும். 5 மி.மீ. குழிக்குள் அது நுழையும், அழுத்தித் திருகினால் குழியின் மூலைகள் மழுங்கிவிடும். அதன்பின் போல்ட்டைக் கழற்றுவது பெரும்பாடு. தளர்வாக ஆடுகிற கீயைத் திருகாதீர்கள்.

கேள்வி: ஊர் பேர் தெரியாத சாவிகள்?

ஒரே நாளில் வீட்டிலுள்ள எல்லாப் பூட்டிலும் போட்டுப் பாருங்கள். நுழைந்தும் திரும்பாவிட்டால் பலவந்தம் வேண்டாம், உள்ளே முறிந்துவிடும். சிறிய தட்டைச் சாவியில் எண் பொறித்திருந்தால், மேசை, பீரோ பூட்டுகளின் முகப்பில் அதே எண் இருக்கிறதா என்று தேடுங்கள். எதற்கும் சேராததை உறையில் போட்டுத் தேதி எழுதுங்கள், ஒரு வருடம் யாரும் தேடாவிட்டால் கழித்துவிடலாம். அடையாளச் சீட்டில் முகவரி மட்டும் எழுதவே கூடாது.

கேள்வி: புதுச் சட்டையோடு வரும் உபரிப் பொத்தான்கள்?

டிராயரில் போட்டால் எந்தச் சட்டையுடையது என்று மறந்துபோகும். சட்டை முன்பக்கப் பொத்தான் சுமார் 11 மி.மீ., காலர் பொத்தான் அதைவிடச் சிறியது என்பதால் ஒன்றுக்கு இன்னொன்று உதவாது. வாங்கிய அன்றே, அந்தச் சட்டையின் உள்தையலிலேயே தைத்துவிடுங்கள்.