ஒரு எண் வரிசைல பக்கத்து பக்கத்துல இருக்கற கே எண்கள், அதாவது கே சைஸ் விண்டோ, ஒவ்வொண்ணுலயும் எத்தனை வெவ்வேற எண் இருக்குன்னு புரோகிராம் எண்ணணும். கேள்வியோட குடுத்த சாம்பிள் பாஸ் ஆகுது, சப்மிட் பண்ணா ஃபெயில். எங்க தப்பு?

எழுதின புரோகிராம் கோடைப் போடாம கேட்டிருக்கீங்க. இருந்தாலும் சொல்றேன், எந்த எண் எத்தனை தடவைன்னு குறிச்சு வெக்கற மேப்லேருந்து, கவுன்ட் ஜீரோ ஆன கீயை, அதாவது அந்த எண்ணை, தூக்காம விட்டிருப்பீங்க. நான் இதே குழில விழுந்தவன், அதான் இவ்ளோ தைரியமா சொல்றேன்.

நான் படிச்சது மெக்கானிக்கல். ஒரு கம்பெனி ஆன்லைன் டெஸ்ட், 90 நிமிஷம் 3 கேள்வி, ரெண்டாவது இதுதான். மொதல்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு லூப் போட்டேன், டைம் அவுட். ஆகாம என்ன செய்யும், மொத்தம் 1,00,000 எண், கே 50,000ன்னு வெச்சா 50,001 விண்டோ, ஒவ்வொண்ணுலயும் 50,000 தடவை பாக்கணும், 250 கோடி ஆச்சு. சரி, விண்டோ ஒரு அடி நகந்தா இடது பக்கம் ஒண்ணு போகுது வலது பக்கம் ஒண்ணு வருது, அதை மட்டும் பாத்தா போதும்னு புரிஞ்சு செட் போட்டேன், எந்த எண்ணையும் ஒரு தடவை மட்டும் வெச்சுக்கற பட்டியல் அது. அதுவும் தப்பு. 1 2 1 3 4 2 3, கே 4ன்னு வெச்சுக்கோங்க, விடை 3 4 4 3. மொத 1 வெளிய போறப்ப செட்லேருந்து அழிச்சா, உள்ள இன்னும் ஒரு 1 இருக்கே அதோட கணக்கும் போயிடும், ரெண்டாவது விடை 3ன்னு வரும். பந்தில எத்தனை வீட்டுக்காரங்க உக்காந்திருக்காங்கன்னு எண்றப்ப, அண்ணன் கை கழுவ எழுந்ததும் அந்த வீட்டையே அடிச்சிட்ட மாதிரி, தம்பி இன்னும் ரசத்துக்கே வரல.

அப்புறம் மேப். ஒவ்வொரு எண்ணும் எத்தனை தடவைன்னு வெச்சு, போறதுக்கு ஒண்ணு கழிச்சு வர்றதுக்கு ஒண்ணு கூட்டி, மேப் சைஸைப் பிரின்ட் பண்ணேன். சாம்பிள் பாஸ், சப்மிட் பண்ணா 12 டெஸ்ட்ல 5தான் பாஸ். டைம் முடிஞ்சுது.

மறுநாள் டீக்கடை பெஞ்ச்ல பேப்பர் வெச்சு மேல சொன்ன அதே எண்களை ஓட்டிப் பாத்தேன், 3 4 4 4. மூணு சரி, கடைசி மட்டும் தப்பு! 1ங்கற கீ ஜீரோவோட உள்ளயே குந்திட்டிருக்கு, சைஸ் அதையும் எண்ணுது. ஜீரோ ஆனதும் டெலீட், ஒரே ஒரு லைன், அதுல போச்சு எனக்கு அந்த வேலை. சி பிளஸ் பிளஸ்னா இன்னொண்ணு, இருக்கான்னு ஸ்கொயர் பிராக்கெட் போட்டு எட்டிப் பாத்தாலே ஜீரோவோட புது கீ முளைச்சிடும், ஃபைண்ட் யூஸ் பண்ணுங்க.

மேப் எதுக்கு, எண்ணெல்லாம் சின்னதா இருந்தா எண்ணுக்கு ஒரு கட்டம்னு அர்ரேயே போதுமேன்னு யாராவது கமெண்ட்ல வருவீங்க, தெரியும் சாமி, அப்பவும் 0லேருந்து 1 ஆனா கூட்டு, 1லேருந்து 0 ஆனா கழின்னு தனியா ஒரு கவுன்ட் வெக்கத்தான் வேணும்.

எங்க காலேஜ்ல பிளேஸ்மென்ட் டிரெய்னிங்னு தலைக்கு 3,000 வாங்கினாங்க. ரயில் எத்தனை செகண்ட்ல பாலத்தைத் தாண்டும்னு ரெண்டு வாரம் ஓட்டினாங்க, மேப்னு ஒரு வார்த்தை வரல. காசுக்கு ரசீதும் தரல.