காலை விறைப்பு சோம்பல் அல்ல

அன்புள்ள ஐயா,

என் மாமியாருக்கு வயது 54. முடக்குவாதம் என்று தெரிந்து ஓராண்டாகிறது. காலையில் காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்கிறார். பதினோரு மணிக்கு அவரே உட்கார்ந்து கீரை ஆய்கிறார். ‘வேலை செய்ய வலிக்கிறது, அவ்வளவுதான்’ என்று வீட்டில் சிலர் அவர் காதுபடவே பேசுகிறார்கள். அவருக்கு எப்படி உதவுவது?

வாசகி, தேனி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மாமியார் சொல்வது உண்மை. காலையில் முடியாததும் பதினோரு மணிக்கு முடிவதும் இந்த நோயின் இயல்பு. தேய்மான மூட்டுவலியில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும்; முடக்குவாதத்தில் ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் நிற்கும். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டின் உள்சவ்வைத் தாக்க, சவ்வு தடித்து நீர் கோக்கிறது. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் விடியற்காலையில் கூடுகின்றன. இரவெல்லாம் அசையாத மூட்டு அசைய அசையத்தான் இளகும். காதுபடப் பேசுகிறவர்களுக்கு இதை நீங்களே விளக்குங்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து வலியோடு வேலை செய்கிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

ஆகவே முதலில் நேரத்தை மாற்றுங்கள். காய் நறுக்குவது முந்தைய மாலைக்குப் போகட்டும். எழுந்ததும் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் பத்து நிமிடம் கைகளை வைத்து, விரல்களை மெதுவாக மடக்கி நீட்டட்டும்.

அடுத்தது பிடி. இந்நோய் அதிகம் தாக்குவது மணிக்கட்டையும் விரல்களின் அடி, நடு மூட்டுகளையும். இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம், தளர்ந்துபோன அந்த விரல்களைத் தசைநார்கள் சுண்டுவிரல் பக்கமாக இழுக்கின்றன. நாளடைவில் விரல்கள் அப்படியே சாய்ந்துவிடும். சமையலறையில் இதற்கு மோசமான கருவி இடுக்கி: பாத்திரத்தின் முழு எடையும் சில விரல்களில் தொங்குகிறது. கனத்த துணியை வைத்து இரு உள்ளங்கைகளாலும் தூக்கச் சொல்லுங்கள், அதுவும் பாதி நிரம்பிய பாத்திரத்தை. துணியை முறுக்கிப் பிழிய வேண்டாம். கொடியில் சொட்டச் சொட்டப் போடலாம். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். திருகு குழாய்க்குப் பதில் நெம்புகோல் குழாய் பொருத்துங்கள். புளி கரைப்பது, தேங்காய் துருவுவது, குக்கர் மூடி திறப்பது வேறொருவர் வேலையாகட்டும். கீரை ஆயலாம், ஆனால் இருபது நிமிடத்துக்கொரு முறை கையை விட்டு ஓய்வு. வலி இல்லாத நாளில் விட்டுப்போன வேலையையெல்லாம் சேர்த்துச் செய்தால் மறுநாள் படுக்கைதான். முழு ஓய்வும் கூடாது, தசை மெலிந்துவிடும்.

மருந்துச் சீட்டையும் பாருங்கள். மெத்தோட்ரெக்சேட் இருந்தால் அது வாரம் ஒருமுறை மட்டுமே. தவறிப்போய் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நாளைக் குறித்து நாட்காட்டியில் வட்டமிடுங்கள். மருத்துவர் சொன்ன இடைவெளியில் இரத்த அணுக்களையும் கல்லீரலையும் பரிசோதிக்க வேண்டும். வலி குறைந்ததென்று மருந்தை நிறுத்த வேண்டாம். வலி அடங்கிய பின்னும் உள்ளே எலும்பு அரிபட முடியும்.

ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து, வீங்கி, காய்ச்சலும் வந்தால் அதை வழக்கமான வலி என்று விடாதீர்கள். கிருமித்தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.