முகாமை மூடினால் சங்கிலி அறுந்துவிடுமா?

கேள்வி: கானாவில் மனநோயாளிகளைப் பிரார்த்தனை முகாம்களில் மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டிவைப்பதாகப் படித்தேன். மதத்தின் பெயரால் நடக்கும் இந்தக் கொடுமைக்கு, முகாம்களை ஒட்டுமொத்தமாக இழுத்து மூடுவதுதானே ஒரே வழி? அரசு ஏன் தயங்குகிறது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: மூடிய மறுநாள் அந்த நோயாளி எங்கே இருப்பார்? வீட்டுக் கொல்லைப்புறத்தில், அதே சங்கிலியில்.

சட்டம் இல்லாமல் இல்லை. கானாவின் மனநலச் சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. உடனடி ஆபத்து இருந்தாலொழிய யாரையும் கட்டிவைக்கக் கூடாது என்கிறது அது. ஆனால் அரசு மனநல மருத்துவமனைகள் பல காலமாக மூன்றே மூன்று: ஆக்ரா, பான்டாங், அங்காஃபுல். மூன்றும் தெற்கே, கடலோரப் பகுதியில். வடமேற்கில் உள்ள வா நகரத்திலிருந்து ஆக்ராவுக்கு பஸ்ஸில் ஒரு இரவு முழுக்கப் போக வேண்டும். நிலைதவறிக் கத்தும் மகனை எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள்?

போதகர் நடத்தும் பிரார்த்தனை முகாம் பக்கத்திலேயே இருக்கிறது. தாயும் கூடவே தங்கலாம். அதைவிட முக்கியம், 'எங்கள் வீட்டுக்கு ஏன் இது வந்தது?' என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் கிடைக்கிறது: சூனியம், தீய ஆவி, யாரோ ஒருவருடைய பொறாமை. மூளையில் கோளாறு என்றால் அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்க யோசிப்பார்கள். ஆவி என்றால் பழி வெளியிலிருந்து வந்தது. குடும்பத்தின் மானம் தப்புகிறது. மருத்துவமனை இந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிடுகிறது.

கானாவில் ஒரு பிரார்த்தனை முகாமிலேயே நடத்தி, 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 139 பேர். பிரார்த்தனை எல்லோருக்கும் பொது. ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆறு வாரம் மருந்தும் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு நோயின் கடுமை குறைந்தது. ஆனால் சங்கிலியில் கிடந்த நாட்களில் இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை! நோய் தணிந்தும் சங்கிலி கழலவில்லை என்றால், அது நோயைப் பார்த்துப் போட்ட சங்கிலி இல்லை என்றுதானே பொருள்? சுற்றுச்சுவர் இல்லை, இரவுக் காவலுக்கு ஆள் இல்லை, நோயாளி ஓடிப்போனால் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம். சம்பளம் வாங்காத காவலாளியாக அந்தச் சங்கிலி வேலை செய்கிறது. அதைக் கழற்ற வேதாந்த விவாதம் உதவாது. சுவர், வாயிற்கதவு, முறை வைத்து விழித்திருக்க இரண்டு பேர், வெறி கிளம்பும் இரவில் கூப்பிட்டால் வரும் ஒரு செவிலியர், அவர் கையில் ஊசி மருந்து, இவ்வளவும் வேண்டும்.

முகாமுக்குள் மருந்து போனாலும் எங்கே கெடுகிறது தெரியுமா? உபவாசத்தில். உபவாசம் என்று வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிரே போகலாம். மனநோய்க்கான குளோர்ப்ரோமசின் மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரும் தராமல் வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுவார். ஹாலோபெரிடால் என்ற இன்னொரு மனநோய் மருந்தைத் தொடங்கிய சில நாட்களில் சிலருக்குத் தாடை இழுத்துக்கொள்ளும், கை நடுங்கும். 'மருந்துதான் பேய்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த விறைப்பைத் தணிக்க மாற்று மாத்திரை இருக்கிறது என்பதை முகாமில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் நீண்டகால ஊசி உபவாசத்தோடு மோதாது. இன்னொன்று: காய்ச்சலோடு திடீரென்று உளறத் தொடங்கியவருக்கு முதலில் மலேரியா ரத்தப் பரிசோதனை. மூளையைத் தாக்கிய மலேரியா பிரார்த்தனை முடியும்வரை காத்திருக்காது.

நடக்காத காரியத்தைச் சொல்லவில்லை. கானாவின் குமாசியிலும் நைஜீரியாவின் இபாடானிலும் சுகாதார நிலையச் செவிலியர்கள், நாட்டு வைத்தியர்களும் பிரார்த்தனை வீட்டாரும் இருக்கும் இடங்களுக்கே போய்ச் சிகிச்சை தந்து, 307 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. சடங்கு, ஜெபம் வைத்தியர், பிரார்த்தனை வீட்டார் பொறுப்பு. மருந்து செவிலியர் பொறுப்பு. அடி, பட்டினி, சங்கிலி கூடாது. ஆறு மாதத்தில், இந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் இருந்தவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள். இதற்கு வெகு முன்பே, 1954-இல், நைஜீரியாவின் அபேயோகுட்டாவில் மனநல மருத்துவர் லாம்போ, ஆரோ கிராமத்து வீடுகளில் நோயாளியை ஓர் உறவினரோடு குடிவைத்தார். பகலில் மருத்துவமனை, இரவில் ஊர். நாட்டு வைத்தியர்களையும் உடன் சேர்த்துக்கொண்டார்.

ஐவரி கோஸ்டில் மரக்கட்டையில் ஓட்டை போட்டு, அதற்குள் காலை நுழைத்து ஆண்டுக்கணக்கில் கிடத்தப்பட்டிருந்த நோயாளிகளை மீட்ட கிரகுவார் அஹோங்போனோன், டயர் பழுதுபார்த்துப் பிழைத்தவர், கத்தோலிக்கர். அவரைக் கிராமம் கிராமமாக அலையவைத்ததும் மதநம்பிக்கைதான்.

2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடியை மறந்துவிட்டோமா? அங்கே மனநோயாளிகள் காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் சங்கிலியோடு கருகினார்கள். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அன்றைக்கும் அமலில்தான் இருந்தது.

அடிக்கிற, பட்டினி போடுகிற முகாமை மூடத்தான் வேண்டும். நடத்துபவரைக் கூண்டில் ஏற்றத்தான் வேண்டும். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் படுக்கையும் செவிலியரும் மருந்தும் முதலில், பூட்டு அப்புறம். கானாவின் 2012 சட்டமே மனநலத்துக்குத் தனி நிதியம் அமைக்கச் சொல்கிறது. அந்த நிதியத்தில் பணம் போட வேண்டியது பாதிரியார் அல்ல, அரசு.